பொன்னிறக் குட்டைக் கோழி

கோழி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு முட்டையும் குழம்பும்தாம் நினைவுக்கு வரும். ஆனால் அழகுக்காகவே கோழி வளர்த்துக் கண்காட்சியில் வைப்போரும் உண்டு. நமது கிளந்தான் மாநிலத்துச் செராமாவை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, பிரிட்டனில் பேணப்பட்டு வரும் பீக்கின் என்னும் குட்டைக் கோழியை. அதிலும் பொன்மஞ்சள் நிறத்ததை.

குட்டைக் கோழிகளை ஆங்கிலத்தில் 'பேண்டம்' என்பார்கள். ஜாவாவின் பாந்தன் துறைமுகத்தின் பெயரே இப்படி வழங்குகிறது. பீக்கினின் பூர்வீகமோ சீனா. 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீக்கிங்கின் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடியபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்டதாகச் சொல்கிறார்கள். சேவல் 680 கிராம், பெட்டை 570 கிராம் என்பது அங்குள்ள அளவுகோல். கால்விரல்வரை இறகு மூடி, தரையில் வைத்த பந்துபோல் உருண்டையாக நிற்கும்.

இதை வளர்ப்பவருக்குத் தலைவலி தருவது நிறமே. கழுத்து முதல் வால்வரை ஒரே சாயல் வேண்டும். இறகை விரலால் விலக்கிப் பார்த்தால் தோல்வரை அந்நிறமே இறங்கியிருக்க வேண்டும். வாலில் கருமை, சிறகில் வெண்மை, மாவு தூவியதுபோன்ற வெளிறல் ஆகிய மூன்றும் குறைகள். பல நிறக் கோழியில் சிறு பிசகு மறைந்துவிடும். ஒரே நிறக் கோழியிலோ அது உடனே கண்ணில் பட்டுவிடும்.

ஆகவே வேலை கூண்டில் தொடங்குவதில்லை; சோடி சேர்ப்பதிலேயே தொடங்குகிறது. வெளிறியதையும் வெளிறியதையும் சேர்த்தால் குஞ்சுகளில் வெண்மை தலைகாட்டும். சீரான நிறமுள்ள பெட்டைக்கு, அதைவிடச் சற்றே அழுத்தமான நிறமுள்ள சேவலைச் சேர்ப்பது பழகியவர்களின் வழக்கம். இன்னொன்று: பின்புறத்தில் இறகு மிக அடர்ந்திருப்பதால் முட்டைகள் கூமுட்டையாகிவிடுவதுண்டு. சோடி சேர்க்கும் காலத்தில் அவ்விடத்து இறகைக் கத்தரித்துவிடுவது நல்லது. பொரிக்கக் கருவி தேடவேண்டியதில்லை. பீக்கின் பெட்டை அடைகாப்பதில் மிகவும் பிடிவாதமானது!

சோளம் போட்டால் இறகு பொன்னிறமாகும் என்று சிலர் நம்புகிறார்கள். அது சரியன்று. சோளத்தின் மஞ்சள் காலுக்கும் தோலுக்கும் முட்டைக் கருவுக்கும் போகும். இந்த இறகின் நிறத்தைக் கோழி தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. இறகோ பெரும்பகுதி புரதம். ஆகையால் பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் அந்த இரண்டு மூன்று மாதங்களில் புரதச் சத்துள்ள தீனி குறையக்கூடாது.

அப்படி முளைத்த புது இறகை வெயில் கெடுத்துவிடும். நேரடி வெயிலில் பொன்னிறம் வெளுத்துப்போகும். மழையில் நனைந்து, பிறகு வெயிலில் காய்ந்தாலோ திட்டுத்திட்டாகிவிடும். வெளுத்த இறகுக்கு மருந்து கிடையாது. அது விழுந்து மறு இறகு முளைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். சாயம் பூசி ஏமாற்றப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நடுவர் கண்டுபிடித்தால் கோழி போட்டியிலிருந்து விலக்கப்படும். நிழலான கொட்டகையும், தரையில் உலர்ந்த மரச்சீவலும் இருந்தால் பாதிக் கவலை தீரும். கம்பி வலைத் தரை மட்டும் வேண்டாம். கால் இறகு முறிந்துவிடும்.

கண்காட்சிக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகக் குளிப்பாட்ட வேண்டும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் இறகு படிந்திருக்கும் போக்கிலேயே தடவிக் கழுவி, இருமுறை நல்ல நீரில் அலச வேண்டும். சோப்பு தங்கினால் இறகு ஒட்டிக்கொள்ளும். பின்னர் காற்றோட்டம் உறைக்காத வெதுவெதுப்பான அறையில் உலரவிட வேண்டும். முந்திய நாளே கழுவினால் இறகில் இயற்கையான எண்ணெய் திரும்பியிராது. பந்துபோன்ற வடிவம் கலைந்து நிற்கும்.

கூண்டுப் பழக்கமும் வேண்டும். பத்து நாள் முன்பே சிறு கூண்டில் விட்டு, நாள்தோறும் ஒரு குச்சியால் மெல்லத் தொட்டு, கையிலெடுத்துப் பழக்க வேண்டும். இல்லையேல் நடுவர் அருகில் வந்ததும் மூலையில் ஒடுங்கிக்கொள்ளும். ஓராண்டுக் காலம் நிழலில் காத்த நிறத்தை அவர் பார்க்கவே முடியாமல் போகும்.