ஊசியும் ஒளியும்



செம்பனைக் குலை அறுப்பவர் நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்தபடி, நீண்ட கழியில் பூட்டிய அரிவாளை இழுக்கிறார். பால்மரம் சீவுபவர் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிக் குனிந்து நிமிர்கிறார். வீடு திரும்பினால் கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் வலி. தைலம் தேய்த்தும் மாத்திரை விழுங்கியும் வலி தீராதபோது, "பட்டணத்தில் சீன வைத்தியர் ஊசி குத்துகிறார், லேசர் ஒளியும் வைக்கிறார்" என்று யாராவது சொல்வார்கள். போகலாமா, அதற்குப் பணம் செலவிடலாமா என்ற கேள்வி எழும். அந்த ஒளியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

அக்குபங்சர் எனப்படும் குத்தூசி மருத்துவம் சீனாவில் மிக நெடுங்காலமாக வழங்கி வருவது. மெல்லிய ஊசிகளை உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் செருகிச் சற்று நேரம் விட்டு வைப்பார்கள். இதனால் நரம்புகள் தூண்டப்பட்டு, வலியைத் தணிக்கும் பொருள்கள் உடலிலேயே சுரக்கின்றன என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

லேசர் அதனோடு பார்த்தால் நேற்றுப் பிறந்த பிள்ளை. 1960ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன் முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டினார். 1967இல் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், எலிகளின் முதுகு மயிரை மழித்து வலுக்குறைந்த லேசர் ஒளியைப் பாய்ச்சினார். அதனால் புற்றுநோய் உண்டாகுமா என்று பார்ப்பது அவர் எண்ணம். புற்று வரவில்லை, ஒளிபட்ட இடத்தில் மயிர்தான் விரைவாக வளர்ந்தது. பின்னர் ஆறாத புண்களுக்கும் அந்த ஒளியை அவர் பயன்படுத்தினார். இப்படி வளர்ந்ததே குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சை.

அறுவை சிகிச்சைக்கான லேசர் தசையைச் சுட்டு வெட்டும். இது அப்படிப்பட்டதல்ல. ஊசிப் புள்ளிகளில் வைக்கும் கருவியின் ஆற்றல் பெரும்பாலும் அரை வாட்டுக்கு மேல் போவதில்லை. அநேகமாகச் சூடே தெரியாது.

ஒளி தோலுக்குள் எப்படிப் புகும்? இருட்டில் டார்ச் விளக்கின் முகத்தை விரல்களால் பொத்திப் பாருங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும். மற்ற நிறங்கள் சதையிலும் இரத்தத்திலும் அடங்கிவிட, சிவப்பு மட்டும் ஊடுருவி வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் இன்னும் ஆழமாகப் புகும். ஆகவேதான் இச்சிகிச்சைக்கு இவ்விரண்டையும் தேர்ந்தெடுத்தார்கள். உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகள் இந்த ஒளியை ஏற்று ஊக்கம் பெறுகின்றன என்பது விஞ்ஞானிகள் தரும் விளக்கம்.

வைத்தியர் சில புள்ளிகளில் ஊசியும், ஊசி செருக இயலாத இடங்களில் ஒளியும் வைப்பதுண்டு. ஊசிக்கு அஞ்சும் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் ஒளி வசதியானது. தோலைத் துளைக்காததால் இரத்தம் வராது. அசுத்தமான ஊசியால் நோய் தொற்றும் அச்சமும் இல்லை.

சரி, பலன் உண்டா? 2009இல் 'லான்செட்' மருத்துவ இதழில், கழுத்து வலிக்கு லேசர் ஒளி பாய்ச்சிய 16 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை வெளிவந்தது. 820 பேர் பங்கு கொண்ட அந்த ஆய்வுகளில், நாள்பட்ட வலி சிகிச்சைக்குப் பின் 22 வாரங்கள் வரையிலும் குறைந்திருந்தது தெரியவந்தது. ஆனால் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வேறு செய்தி வந்தது. முழங்கால் வலியுள்ள 282 பேரில் சிலருக்கு ஊசி, சிலருக்கு லேசர், சிலருக்கு ஒளி வராத போலிக் கருவி என்று வைத்துப் பார்த்தார்கள். ஊசியும் லேசரும் போலிக் கருவியை விஞ்சவில்லை. எனவே, "எல்லா வலிக்கும் இது கைகண்ட மருந்து" என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

சில எச்சரிக்கைகளை மனத்தில் வைத்துக்கொள்வோம். லேசர் ஒளி கண்ணில் பட்டால் பார்வை கெடலாம். வைத்தியரும் நோயாளியும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். புற்றுக்கட்டி உள்ள இடத்திலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் ஒளி வைக்கக் கூடாது. நீரிழிவால் காலில் புண் வந்தவர், ஒளியை நம்பி மாத்திரையையும் புண்ணுக்கு மருந்து கட்டுவதையும் நிறுத்தினால் காலையே இழக்க நேரிடும். நெஞ்சு வலியும் வியர்வையும் சேர்ந்து தோளுக்கோ கைக்கோ பரவினால், அது மாரடைப்பாக இருக்கலாம். முதுகு வலியோடு கால்கள் வலுவிழந்தாலும் சிறுநீர் அடங்காமற் போனாலும் அதுவும் ஆபத்தே. அப்போது வைத்தியரைத் தேடி அலையாமல் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மலேசியாவில் 2007ஆம் ஆண்டு கெப்பாலா பத்தாஸ் அரசாங்க மருத்துவமனையில் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் வேறு சில அரசாங்க மருத்துவமனைகளிலும் இத்தகைய பிரிவுகள் ஏற்பட்டன. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பின்னும் அங்கே அக்குபங்சர் அளிக்கிறார்கள். இத்தகைய வைத்தியர்களைப் பதிவு செய்வதற்கு 2016இல் சட்டமும் இயற்றப்பட்டது. ஆகவே, முதலில் கிளினிக் டாக்டரிடம் வலியைக் காட்டி, அது எதனால் வருகிறதென்று அறிந்துகொள்ளுங்கள். பிறகு வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பதிவு பெற்றவரா? மொத்தம் எத்தனை முறை வர வேண்டும், என்ன செலவாகும்? சில முறை செய்தும் குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாமா? நேராகப் பதில் சொல்பவரிடம் செல்லலாம். சம்பளத்தை முன்பணமாகக் கேட்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஊசிக்கு ஒளி துணை. இரண்டும் மருத்துவருக்குத் துணை. இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால், உழைத்துச் சேர்த்த பணமும் உழைக்கும் உடலும் காப்பாற்றப்படும்.