தேடற்பெட்டி காட்டுவதும் காட்டாததும்

(வெள்ளி விழாவில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



கல்விக்கென எழுந்த இச்சங்கத்தை இருபத்தைந்து ஆண்டுகள் கட்டிக்காத்து வந்திருக்கிறீர்கள். அதன் பயனாய் நம் பிள்ளைகள் வங்கிகளிலும் கம்பெனிகளிலும் அரசு அலுவலகங்களிலும் கணிப்பொறியின் முன் அமர்ந்து பணியாற்றுகின்றனர். அங்கே அவர்கள் அன்றாடம் சந்திக்கும் ஒரு சிறு செய்தியைப் பற்றியே பேச விரும்புகிறேன். செய்தி சிறிது, அதிலிருந்து பிறக்கும் தவறான எண்ணம் பெரிது.

அலுவலக மென்பொருள்களில் தேடற்பெட்டி ஒன்று உண்டு. அதில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டியதுமே, நாம் தேடுவது இதுவா என்று கேட்பதுபோல, கீழே சில வரிகள் தோன்றும். இவற்றைப் பரிந்துரைகள் என்பர். அருகருகே அமர்ந்த இருவர் ஒரே சொல்லைத் தட்டினாலும் இருவருக்கும் ஒரே வரிகள் வருவதில்லை. பத்தாண்டு பணியாற்றியவர் ‘ஒப்பந்தம்’ என்று தொடங்கியதும் வேண்டிய கோப்பு முதல் வரியிலேயே வந்து நிற்கிறது. நேற்றுச் சேர்ந்தவருக்கோ ஒன்றும் வருவதில்லை. அல்லது வேண்டாதது வருகிறது. பார்க்கின்ற மேலாளர் முன்னவரைக் கெட்டிக்காரர் என்றும் பின்னவரை மந்தமானவர் என்றும் முடிவு கட்டிவிடுகிறார். புதியவரும் தம்மைத் தாமே குறைத்து மதிப்பிட்டுக்கொள்கிறார். ஆகவே இந்த வேறுபாட்டின் காரணங்களை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதற்காரணம் அனுமதி. ஷேர்பாயிண்ட், சேல்ஸ்போர்ஸ் போன்ற மென்பொருள்களில் எந்தக் கோப்பை யார் பார்க்கலாம் என்னும் வரையறை உண்டு. உரிமை இல்லாத கோப்பை மென்பொருள் நம் விடைகளிலிருந்து நீக்கிவிடும். நீக்கியதாக நமக்குச் சொல்லுவதும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாமற் போகும்.

இரண்டாவது, நம்முடைய முன்வரலாறு. சேல்ஸ்போர்ஸ், தேடற்பெட்டியைத் தொட்டவுடன், அண்மையில் நாம் திறந்த பதிவுகளைக் காட்டுகிறது. மைக்ரோசாப்ட் 365, நாம் அண்மையில் கையாண்ட கோப்புகளையும் நம்மோடு பணியாற்றுவோர் பெயர்களையும் முன்னிறுத்துகிறது. முன்வரலாறே இல்லாத புதியவருக்கு அது எதைக் காட்டும்?

மூன்றாவது, பலர் நடந்த வழி. ஷேர்பாயிண்டில் ஒரு தேடலுக்கு வந்த விடைகளைப் பயனர்கள் குறைந்தது ஆறு முறை திறந்து பார்த்திருந்தால், அத்தேடற்சொல் தானாகவே பரிந்துரையாகிவிடும். எவரும் தேடாத சொல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நான்காவது, அட்டவணை. புதிதாக ஏற்றிய கோப்பு மென்பொருளின் அட்டவணையில் சேரும்வரை தேடுவோர் எவருக்கும் அது தோன்றாது.

இளைஞர்களே, இந்த நான்கில் எங்கேனும் அறிவைப் பற்றிய பேச்சு உண்டா? திறமையைப் பற்றிய பேச்சு உண்டா? இல்லை. முன்பே உள்ளே இருந்தவருக்குச் சேர்ந்துவிட்ட வசதியே திறமைபோல் தோற்றமளிக்கிறது. இந்த மயக்கம் நமக்குப் புதியதன்று. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்குள் இருந்தவன் பெற்ற வசதியைத் தகுதி என்றும், வெளியே நிறுத்தப்பட்டவன் அடைந்த இழப்பைத் தகுதியின்மை என்றும் உலகம் சொல்லி வந்திருக்கிறது.

உரிமை ஏட்டில் இருப்பது வேறு. அது கைக்கு வருவது வேறு. பொது நீர்நிலைகள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும், 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மக்களை அழைத்துச் சென்று மகாத் நகரின் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகும்வரை, அத்தீர்மானம் அங்கே ஏட்டளவில்தான் இருந்தது. தேடற்பெட்டியைக் குளத்தோடு ஒப்பிடுவது மிகையாகலாம். ஆனால், இருக்கும் உரிமையை அறிந்து கேட்டுப் பெறவேண்டும் என்னும் பாடம் இரண்டிற்கும் பொருந்தும்.

இனிச் செய்யவேண்டியது என்ன? பரிந்துரை வரிகளோடு நின்றுவிடாதீர்கள். சொல்லை முழுமையாகத் தட்டி, என்ட்டர் விசையை அழுத்தி, முழுப் பட்டியலையும் பாருங்கள். ஒரு பெயரை ஆங்கிலத்தில் பலவாறு எழுதுவர். எழுத்தை மாற்றியும் தேடுங்கள். அப்போதும் கிடைக்கவில்லையானால், உடன் பணியாற்றுபவரிடம் அக்கோப்பின் இணைப்பை அனுப்பச் சொல்லுங்கள். திறந்தால், உங்களுக்கு உரிமை உண்டு, பரிந்துரைதான் வரவில்லை. அனுமதி இல்லை என்று வந்தால், அது உங்கள் பணிக்கு ஏன் தேவை என்பதைக் குறிப்பிட்டு, எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாய்ச்சொல் மறக்கப்படும், எழுத்து நிற்கும்.

ஒன்றை மறவாதீர்கள். மூடியிருப்பதெல்லாம் அநீதி அன்று. பிறர் சம்பளமும் மருத்துவக் குறிப்பும் மூடியிருப்பதே முறை. அடுத்தவர் கடவுச்சொல்லைக் கொண்டு திறக்க ஒருபோதும் முயலாதீர்கள். அது உங்கள் வேலைக்கே உலை வைக்கும்.

முன்னரே பணியில் அமர்ந்துள்ள அண்ணன்மார்க்கும் அக்காமார்க்கும் ஒரு வேண்டுகோள். எல்லோருக்கும் தேவையான கோப்புகளைத் தேடுவோர்க்கு முன்னிறுத்திக் காட்டும் வசதி மைக்ரோசாப்ட் 365இல் உண்டு. அதை மென்பொருள் நிர்வாகியிடம் கேட்டுச் செய்வியுங்கள். அது இயலாத இடத்தில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் புதிதாய் வருகின்ற பிள்ளையின் கையில் கொடுங்கள். இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வருவதும் அதுவே: முன் சென்றவர் பின் வருவோர்க்கு வழி சொல்லுதல்.