வேப்பிலை செருகாத வீடுகள்
(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாக் காணும் நமது சங்கத்தின் மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச முற்படுகிறோம். 2020ஆம் ஆண்டில் நமது குடியிருப்பில் நேர்ந்த பிழைக்கு அறியாமையே காரணமாதலின், இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே எனலாம்.

பெரியம்மை கண்ட வீட்டின் வாயிலில் நம் முன்னோர் வேப்பிலை செருகினர். அதனைக் கண்டவர் உள்ளே செல்லார். அவ்வடையாளம் பயன்பட்டது, ஏனெனில், பெரியம்மை தன்னை மறைத்துக்கொள்ளத் தெரியாத நோய். காய்ச்சல் கண்டு, கொப்புளம் எழும் காலத்தில்தான் பெரும்பாலும் அது பிறரைப் பற்றும். ஆகவே நோயாளியைக் கண்டறிந்து, அவரைச் சூழ இருந்தோர்க்கு அம்மை குத்தி, நோயை வளைத்துப் பிடிக்க முடிந்தது. இந்தியாவில் 1975ஆம் ஆண்டுடன் அது ஓய்ந்தது. உலகை விட்டே ஒழிந்ததென 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கொரோனா அத்தகையதன்று. எந்த வீட்டில் வேப்பிலை செருகுவது என்பதே தெரியாத நோய் அது.

காய்ச்சல் என்பது பெரிதும் கிருமியின் செயலன்று. கிருமியை எதிர்த்து உடல் ஆற்றும் செயல். வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் குடியேறிப் பெருகத் தொடங்கிச் சில நாட்கள் சென்ற பின்னரே காய்ச்சலோ இருமலோ தோன்றும். 2020இல் பரவிய வகையில் இது சராசரியாக ஐந்து நாட்கள். ஆனால் குறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் முன்பிருந்தே, அவர் பேசும்போதும் பாடும்போதும், ஏன், மூச்சு விடும்போதுங்கூட, கண்ணுக்குப் புலனாகாத நுண்திவலைகளில் கிருமி வெளிப்படும். வேறு சிலருக்கோ இறுதிவரை எக்குறியும் தோன்றுவதில்லை. இவர்கள் இருமுவதில்லையாதலால், ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால் இவர்கள் பரப்புவது குறைவே. ஆயினும் இருமுகிறவர் பாயில் படுத்திருப்பார். இவரோ சந்தைக்கும் சாவு வீட்டிற்கும் சென்று வருவார். கட்டட வாயில்களில் நம் நெற்றிக்கு நேரே வெப்பமானி பிடித்ததை நினைவுகூர்வீர்கள். காய்ச்சலே இல்லாதவரை அக்கருவி எங்ஙனம் கண்டுபிடிக்கும்?

இத்தாலி நாட்டின் வடபகுதியில் வோ என்றொரு சிற்றூர் உண்டு. சுமார் 3,200 பேர் வாழும் ஊர். 2020 பிப்ரவரியில் அங்கே ஒருவர் கொரோனாவால் இறக்கவே, ஊரை மூடி, நோயாளி, நலமுடையார் என்ற பேதமின்றிப் பெரும்பாலோரையும் பரிசோதித்தனர். முதல் சுற்றில் 2,812 பேரைச் சோதித்ததில் 73 பேரிடம் கிருமி இருந்தது. இரு சுற்றுகளிலும் கிருமி காணப்பட்டவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் எவ்விதக் குறியும் இல்லை. குறியுடையாரிடம் இருந்த அளவு கிருமி இவர்களிடமும் இருந்தது. அவ்வளவு பேரையும் தனிமைப்படுத்திய பின்னரே அவ்வூரில் பரவல் தணிந்தது. குறி கண்டவரை மட்டும் தேடியிருந்தால், பாதி நெருப்பைத்தான் அணைத்திருப்பார்கள்.

அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலும் இதுவே நிகழ்ந்தது. மே 5ஆம் நாள் சந்தை மூடப்படுமுன்னரே, வியாபாரிகளும் லாரி ஓட்டுநர்களும் சுமை தூக்குவோரும் கடலூர், விழுப்புரம், அரியலூர் என ஊர் திரும்பிவிட்டனர். அவர்களுள் பலர் நோய் எதுவும் அறியாமலே வந்தவர்கள்.

நம் தம்பி ஒருவரும் அங்கிருந்து வந்தார். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. “கருங்கல் போல இருக்கிறான், இவனுக்கென்ன நோய்?” என்று கூறியது நாமே. பரிசோதனைக்கு அழைத்தபோது போக வேண்டாமெனத் தடுத்ததும் நாமே. தெருவைத் தகரத்தால் அடைப்பார்களே, ஊர்க் கடைகளில் நமக்குப் பொருள் தரமாட்டார்களே என்ற அச்சம் நமக்கு. அந்த அச்சம் காரணமற்றதன்று. ஆனால் அது கிருமியைத் தடுக்கவில்லை. பத்து நாட்களில் அவருடைய பாட்டிக்கு மூச்சுத் திணறிற்று. மருத்துவமனையிலிருந்து அந்த அம்மையார் திரும்பவில்லை. கருங்கல் என்று புகழ்ந்த வாய்களே பின்னர் அத்தம்பியைக் கொலைகாரன் என்றன. அவர் நமது இரவுப் பாடசாலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘சமூக இடைவெளி’ என்ற சொல்லைக் கேட்டபோதெல்லாம் நமக்கு உடல் கூசிற்று. தள்ளி நில் என்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் நாம். 2020 மார்ச்சு மாதத்திலேயே உலகச் சுகாதார நிறுவனமும் ‘உடல் இடைவெளி’ என்ற சொல்லை மேற்கொண்டது. நம் காதுகளுக்கு அது வந்து சேரவில்லை. தீட்டு என்பது, ஒன்றும் இல்லாதவரிடம் உண்டென்று சொல்லி, பிறப்பைக் காட்டி விலக்கிய பொய். தொற்றோ பிறப்பைப் பார்ப்பதில்லை. தீட்டுப் பார்ப்பவன் ‘உன்னால் எனக்குக் கேடு’ என்கிறான். குறியின்றிப் பரவும் நோயிலோ, ‘என்னால் உனக்குக் கேடு நேருமோ’ என்று ஒவ்வொருவரும் முதலில் தம்மையே ஐயுற வேண்டும். முகக்கவசம் அணிந்ததன் பொருளும் பெரிதும் அதுவே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி நம்முள் சிலர் கவசத்தை வெறுத்தனர். வேறு சிலர் நோய்ப்பட்ட நம் வீட்டாரையே தீட்டுப் போல விலக்கினர். பின்னதே நம்மை மிகவும் வருத்துகிறது.

சில மாதங்கள் கழித்து அத்தம்பியின் வீட்டிற்குச் சென்றோம். “ஐயா, நான்தானே கொண்டுவந்தேன்?” என்று கேட்டார். “இருக்கலாம். அந்நாட்களில் அவ்வீட்டிற்கு வந்துபோன வேறு எவராகவும் இருக்கலாம். உடம்பில் ஒரு குறியும் இல்லாத நீர் எப்படி அறிந்திருப்பீர்? சோதனைக்குப் போகாதே என்று சொன்னவர்கள் நாங்கள்” என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் பாடசாலைக்கு வந்தார்.

கொரோனாவுக்கான உலக அவசரநிலை 2023 மே 5ஆம் நாள் நீக்கப்பட்டது, கிருமி நீங்கவில்லை. எனவே பாடசாலையின் இரு பக்கச் சன்னல்களையும் வகுப்பு நேரத்தில் திறந்து வைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். கொசுத் தொல்லைக்கு வலை அடிப்பதற்கான செலவைக் குழு ஏற்கும்.