கோடைப் பாசறையும் நமது கிராமங்களும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



வருகின்ற மே மாதத்தில் பள்ளிச் சாரணர்கள் ஏழு நாட்கள் தங்கள் கிராமங்களுள் ஒன்றில் பாசறை அமைத்துத் தங்க இருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாட வருகிறார்கள், ஒரு பந்தலும் ஒரு சமையற்காரனும் ஏற்பாடு செய்துவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுவதாகத் தெரிகிறது. சமையற்காரன் வேண்டவே வேண்டாம் என்று சொல்வதற்காகவே இன்று இங்கு வந்திருக்கிறோம்.

பேடன் பவல் என்னும் ஆங்கிலத் தளபதி 1907 ஆகஸ்டில் பிரௌன்சீ என்ற சிறு தீவில் ஏறக்குறைய இருபது சிறுவர்களை வைத்துச் சாரணரின் முதற் பாசறையை நடத்தினார். செல்வர் வீட்டுச் சிறுவரும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரும் அதில் கலந்திருந்தனர். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். அந்த முறைதான் இன்றும் சாரணர் இயக்கத்தின் முதுகெலும்பு.

நமது நாட்டுக்கு இவ்வியக்கம் 1909-ல் வந்தபோது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்பட்டிருந்தது. அன்னி பெசன்ட் அம்மையார் 1916-ல் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். அச்சிறுவர்கள் தொப்பியை விட்டுத் தலைப்பாகை அணிந்தார்கள். பின்னர் 1950 நவம்பர் 7-ல் வெவ்வேறு சங்கங்கள் இணைந்து இன்றைய பாரத சாரண இயக்கம் உருவாயிற்று. வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளுக்காகத் தோன்றிய இயக்கம், தானே ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தலாகாது. இதை எதற்குச் சொல்கிறோம் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

பாசறையில் ஓர் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பேர். அணியே அடுப்புக் கூட்டும், விறகு பொறுக்கும், பாத்திரம் துலக்கும், கழிப்பிடக் குழி வெட்டி நாள்தோறும் மண் தூவும். மூங்கிலையும் தென்னங்கயிற்றையும் கொண்டு பாத்திரப் பரணும் செருப்புத் தட்டும் கட்டும். சாரண ஆசிரியரின் வேலை பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே. அது எளிய வேலையன்று. முதல் நாள் சோறு குழையும், அல்லது வேகாது. அதைக் கண்டு மனம் இளகித் தூக்குப் பாத்திரத்தில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவரும் தாய்மார்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். மூன்றாம் நாளைக்குள் கேழ்வரகுக் களியைக் கட்டியில்லாமல் கிளறும் பையன் ஒருவன் எந்த அணியிலும் கிளம்பிவிடுவான். பெரும்பாலும் அவன் வகுப்பில் கடைசி வரிசைக்காரன். அணி அவனைச் சுற்றி உட்காருவதைக் காண்பதற்கே பாசறைக்கு வரலாம்.

அணிகளை யார் பிரிப்பது, எப்படிப் பிரிப்பது என்பதில்தான் சங்கடம் தொடங்குகிறது. ஒரே தெருப் பிள்ளைகளை ஓர் அணியில் போட்டால் பாசறை என்பது இடம் மாறிய தெருவாகவே இருக்கும். ஆகவே எல்லாத் தெருவும் எல்லா அணியிலும் கலந்திருக்கவேண்டும். ஒரே பானைச் சோறு, ஒரே குடத் தண்ணீர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் பாசறைக்குத் தோப்பும் கிணறும் அன்புடன் அளித்த பெரியவர் ஒருவர், முதல் நாள் மாலையே வந்து, காலனிப் பிள்ளைகள் கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டாம், மற்றவர்கள் எடுத்து ஊற்றட்டும் என்றார். தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. அதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். அதற்குள் அணித் தலைவர்கள் நால்வரும் தனியே கூடிப் பேசிவிட்டு வந்தார்கள். "ஐயா, எங்களில் ஒருவருக்கு இல்லாத கிணறு எங்களுக்கு வேண்டாம். பஞ்சாயத்துக் குழாயிலிருந்து சுமந்துகொள்கிறோம்" என்றான் பதினான்கு வயதுப் பையன் ஒருவன். குழாயோ ஊர் முனையில் இருந்தது. மே மாத வெயில். மறுநாள் பள்ளிக்கூட வளாகத்துக்குப் பாசறையை மாற்றிக்கொண்டோம். அங்கிருந்தும் குழாய் தூரந்தான். ஆறு நாளும் காலையும் மாலையும் குடங்கள் வரிசையாகப் போய் வந்தன. பெரியவர் மனம் மாறினார் என்று சொல்ல ஆசைதான். அவர் மாறவில்லை. அவருடைய பேரன் மட்டும் கடைசி இரண்டு நாள் ஒரு குடத்துடன் வரிசையில் நின்றான்.

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் அமைத்து, எல்லா ஜாதியாரும் சேர்ந்து வாழச் செய்தது இதே சீமையில்தான். நூறு ஆண்டு கழிந்தும் ஒரு கிணற்றுக்காகப் பேசவேண்டியிருக்கிறது. எனவே, இனி இடம் கேட்கும்போதே கிணறு எல்லோருக்கும் பொதுவா என்று முதலில் கேட்கிறோம். ஆம் என்று பஞ்சாயத்து சொல்லுமிடத்தில்தான் கூடாரம் அடிப்போம்.

மற்றொரு விஷயமும் கிணற்றைப் பற்றியதே. சேலம், நாமக்கல் சமவெளியில் பாசறை நடத்துவோருக்குக் கிணறே பெரிய அச்சம். பாறையைக் குடைந்து வெட்டிய அகன்ற கிணறுகள், பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே இல்லை. கிராமத்துப் பையன் நீந்தத் தெரியும் என்பான். தெரிந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாதவனும் குதிப்பான். ஆகையால் பாசறை நாட்களில் கிணற்றுக் குளியல் இல்லை. பம்புசெட்டுத் தொட்டியில் குளித்தால் போதும். மோகனூர், பரமத்திவேலூர்ப் பக்கம் பாசறை அமைந்தால் காவிரிக்கும் இதே விதி. கோடையில் முழங்கால் அளவுதான் தோன்றும். அடுத்த அடியில் மணல் அள்ளிய குழி இருக்கும். மேலே நீர் திறப்பு கூடினால் மட்டமும் உயரும்.

ஒவ்வொரு பையனுக்கும் ஒரு ஜோடி உண்டு. ஊதல் ஒலித்ததும் ஜோடி ஜோடியாக நின்று எண்ணிக்கை கொடுப்பார்கள். ஒருவன் குறைந்தாலும் எல்லா வேலையும் நிற்கும். நீரில் விழுந்தவனைக் காணும் சிறுவன் தானும் குதிக்காமல், கயிறோ மூங்கிலோ மூடிய காலிக் குடமோ எறிந்துவிட்டுக் கூவ வேண்டும் என்று முதல் நாளே பழக்குகிறோம். இப்பழக்கம் பாசறையோடு நிற்காமல் தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்தால் நல்லது.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, விவசாயிகளுக்குத் தெரியாததன்று. பதினொரு மணி முதல் மூன்று மணி வரை நிழலில் கயிற்று முடிச்சுப் பழகுவார்கள். நீர்மோரும் கொதித்தாறிய நீரும் வேண்டும். இரவில் கைவிளக்கின்றி ஒருவரும் நடக்கலாகாது. பாம்பு கடித்தால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஊரில் ஒரு வண்டி தயாராக இருக்கவேண்டும்.

ஏழு நாளில் பிள்ளைகள் கிராமத்துக்கு ஒரு வேலையும் செய்து கொடுப்பார்கள். குழாயடிச் சேற்றுக்கு உறிஞ்சுகுழி வெட்டலாம். எந்த வேலை என்பதைத் தாங்களே சொல்லுங்கள். ஆனால் புகைப்படத்துக்காக நட்டுவிட்டு மறுநாளே ஆட்டுக்குத் தீனியாகும் மரக்கன்று வேண்டாம்.

பாசறை தொடங்கும் முன் பஞ்சாயத்து செய்யவேண்டியவை சிலவே: எல்லோருக்கும் பொதுவான தண்ணீர், நிழலுள்ள இடம், வண்டிக்காரர் ஒருவரின் பெயர். அந்த இடத்துக்கு அருகில் கைப்பிடிச் சுவரில்லாத கிணறு இருந்தால், சுற்றிலும் முள்வேலி போட்டு, பக்கத்து மரத்தில் நீளமான வடக்கயிறு ஒன்றைக் கட்டி வையுங்கள். பிள்ளைகள் போன பிறகும் அந்தக் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.