அணுக்குவியலா மனிதன்?



"சாமி, எல்லாமே அணுதான் என்றால் நாமும் வெறும் அணுக்குவியல்தானே?" கல்லூரியில் பௌதிகம் படிக்கும் நம் பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள். இதைச் சிரித்துத் தள்ளிவிடுவதோ, ஞானோபதேசப் புத்தகத்தை நீட்டி வாயை அடைப்பதோ முறையன்று.

கேள்வி பழையது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்கரான டெமோக்ரித்துஸ், வெட்டவொண்ணாத நுண்துகள்களும் வெற்றிடமுமே உண்மை என்றார். நம் மணிமேகலையில் பேசும் ஆசீவகரும் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்களைச் சொல்கிறார். ஆனால் உயிரையும் சேர்த்து ஐந்தென எண்ணுகிறார்.

அரிஸ்டாட்டில் அணுவாதத்தை ஏற்கவில்லை. ஒரு பொருள் எதனால் ஆனது என்பது பாதி விடைதான். அது எவ்வடிவில் ஒன்றாய் நிற்கிறது என்பதும் வேண்டும் என்றார். 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் இதை எடுத்தாண்டு, ஆன்மாவே உடலின் வடிவம் என்றார். வடிவம் என்றால் வெளித்தோற்றமன்று; ஒன்றை அதுவாக்குகிற உள்ளியல்பு. (குருமடத்தில் இந்த ஒரு சொல்லோடு நாம் பட்ட பாடு கொஞ்சமன்று!)

அணு என்றாலே நாத்திகம் என்று பலர் அஞ்சிய காலத்தில் அக்கொள்கைக்குப் புத்துயிர் தந்தவர் ஒரு கத்தோலிக்கக் குருவே. பிரான்சு நாட்டுப் பியேர் கசாந்தி (1592-1655) அவர். 1631 நவம்பர் 7-இல் புதன் கோள் சூரியனைக் கடந்து செல்வதைப் பாரிசிலிருந்து கண்டு குறித்த வானியல் அறிஞருங்கூட. அணுக்கள் அநாதியானவை என்ற எபிக்கூரின் கூற்றை விலக்கி, அவை இறைவனால் படைக்கப்பட்டவை, அவற்றின் இயக்கமும் அவர் தந்ததே என்றார். பகுத்தறியும் ஆன்மா மட்டும் அணுக்களால் ஆனதன்று என்றும் வாதிட்டார். பயந்து ஓடாமல் உள்ளே புகுந்து பார்த்த அந்தத் துணிவு நமக்குப் பிடிக்கிறது.

பின்னர் அணுவும் பிளவுபட்டது. 1897-இல் தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டார். 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவை விளக்கினார். ஒரு எலெக்ட்ரானை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய எந்த அங்க அடையாளமும் கிடையாது என்பது இன்றைய பௌதிகம்.

இப்போது நம் உடலைப் பாருங்கள். இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள்தான் வாழும். நேற்றைய சோறு இன்றைய சதை. இன்றைய மூச்சு நாளை எங்கேயோ ஒரு வேப்பிலை. அப்படியானால் அன்று ஞானஸ்நானத் தொட்டியில் அழுத குழந்தையும் இன்று புதுநன்மை வாங்கும் பிள்ளையும் ஒரே ஆள் என்று எதைக்கொண்டு சொல்கிறோம்? அதே அணுக்கள் என்று சொல்ல வழியில்லை. அரிஸ்டாட்டிலின் வடிவம் கொல்லைப்புறமாய்த் திரும்பி வருகிறது!

இதனால் ஆன்மா நிரூபணமாகிவிட்டது என்று நாம் துள்ள வேண்டாம். ஆற்றுச் சுழியிலும் நீர் மாறுகிறது, சுழி நிற்கிறது என்பார் விஞ்ஞானி. நியாயமான பதில். ஆனால் எந்தச் சுழியும் தான் வெறும் நீர்தானா என்று கேட்டுக் கலங்கியதில்லை. கேட்ட பிள்ளை கலங்கினான். அந்தக் கலக்கத்தை அணுக் கணக்கில் எங்கே எழுதுவது என்று அவனையே திருப்பிக் கேட்டோம். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, "உயிர்ப்பின் நாளில் எந்த அணுக்கள் எழுந்து வரும் சாமி?" என்றார். அது இன்னும் கடினம். நவம்பர் மாதம், மரித்த விசுவாசிகளின் நினைவு நாளன்று, அதைப் பேசுவோம்.