ஒரே வித்தை, வேறு வேறு கதை



1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதராசில் வயதான பிராமணர் ஒருவர் அந்தரத்தில் உட்கார்ந்து காட்டினார். ஆங்கிலேயர்கள் அவர் பெயரைச் சேஷால் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். முதலில் ஒரு போர்வையைப் பிடித்து அவரை மறைப்பார்கள். போர்வை விலகும்போது தரைக்கு மேலே சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். மூங்கில் தடியில் பொருத்திய தோல் சுருளின் மேல் ஒரு கை லேசாகப் பட்டிருக்கும். இன்னொரு கை ஜபமாலையை உருட்டிக்கொண்டிருக்கும். மாலையைப் பார்த்த மாத்திரத்தில் கதை எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தவத்தால் உடல் லேசாகிப்போன ஒரு யோகி.

1847-இல் பாரிஸ் மேடையில் ஏறக்குறைய இதே காட்சி. நடத்தியவர் ராபர்ட் ஹூடின். கடிகாரம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் அமெரிக்காவில் புகழ்பெற்ற ஹூடினி தன் பெயரை இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். பாரிஸ்வாசிகளிடம் யோகியின் கதை எடுபடாது என்று அவருக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஆண்டுதான் பாஸ்டன் நகர மருத்துவர்கள் ஈதரை முகரவைத்து வலியில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்திருந்தார்கள். எங்கும் அதே பேச்சு. ஹூடின் அதைப் பிடித்துக்கொண்டார். ஈதருக்கு இன்னொரு குணமும் உண்டு, அதை முகர்ந்தால் உடம்பு காற்றைப்போல் லேசாகிவிடும் என்று மேடையில் அறிவித்தார். தன் மகனை ஒரு முக்காலியில் நிறுத்தி, இரண்டு கைகளையும் இரண்டு கோல்கள்மேல் வைத்து, மூக்கருகே புட்டியைக் காட்டினார். பையன் தலை சாய்ந்தது. முக்காலியை எடுத்தார், ஒரு கோலையும் எடுத்தார். மிஞ்சிய ஒரே கோலில் முழங்கை ஊன்றியிருக்க, பையனைப் படுத்த வாக்கில் தூக்கி நிறுத்தினார். அதே நேரத்தில் திரைக்குப் பின்னால் சூடான இரும்பில் ஈதரைச் சொட்டவிட்டார்கள். அரங்கம் முழுக்க வாடை பரவியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிலையில் இருப்பவர் உடம்பை அசைக்க முடியாது. ஏன் அசையவில்லை என்று பார்ப்பவர் மனம் கேட்காமல் இருக்கக் காரணம் வேண்டும். மதராசில் ஜபம் அந்தக் காரணத்தைத் தந்தது, பாரிஸில் மயக்கம் தந்தது. நல்ல கதை வித்தையின் மேல் பூசும் பூச்சு அல்ல. கை ஏன் அங்கே போகிறது, துணி ஏன் மூடுகிறது, உடம்பு ஏன் விறைத்திருக்கிறது என்ற கேள்வி எழும் முன்பே அது பதில் சொல்லிவிடுகிறது. இன்னொன்றும் செய்கிறது: நம்மைக் கவலைப்பட வைக்கிறது. பெற்ற பிள்ளையின் உடல்நலத்தோடு விளையாடுகிறாரே என்று கண்டித்து ஹூடினுக்குக் கடிதங்கள் வந்தன. அந்தக் கடிதங்களைவிடப் பெரிய பாராட்டு ஒரு வித்தைக்காரருக்குக் கிடைக்குமா? மந்திரவாதியாக நடிக்கும் நடிகரே வித்தைக்காரர் என்று அவர் எழுதியது வெறும் பேச்சில்லை.

ஆனால் கதைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஹூடினிடம் ஒரு சிறு பெட்டி இருந்தது. மேடைத் தளத்துக்கு அடியில் மின்காந்தம். பாரிஸில் அதைக் காட்டியபோது, பெட்டி அவர் சொல்படி கனமாகிறது என்பதுதான் கதை. 1856-இல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மராபூ எனப்படும் மதத் தலைவர்களுக்கு இருந்த செல்வாக்கைக் குறைப்பது நோக்கம். அல்ஜியர்ஸ் அரங்கில் கட்டுமஸ்தான ஒருவரை மேடைக்கு அழைத்தார். அவர் பெட்டியை விளையாட்டாகத் தூக்கினார். உன் பலத்தை எடுத்துவிட்டேன், இப்போது தூக்கு என்றார் ஹூடின். பெட்டி அசையவில்லை, கைப்பிடி வழியாக மின் அதிர்ச்சியும் பாய்ந்தது. அந்த மனிதர் முழந்தாளிட்டு விழுந்து, எழுந்து ஓடினார். இதைப் பெருமையோடு எழுதிவைத்திருப்பவர் ஹூடினேதான். பெட்டி அதே பெட்டி. கனமானது பெட்டி என்றால் வேடிக்கை. பலமிழந்தவன் நீ என்றால் அவமானம். இவ்வளவு பெரிய கலைஞர் அடிமைப்பட்ட மக்களிடம் இந்தக் கதையைச் சொன்னது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

நம் நாட்டு வித்தைக்காரர் ஒருவருக்கு வருவோம். வங்காளத்தின் பி. சி. சர்க்கார், 1956 ஏப்ரல் 9 அன்று பி.பி.சி. தொலைக்காட்சியில் ஓர் இளம்பெண்ணைச் சுழலும் ரம்பத்தால் அறுத்தார். பிறகு அவளை எழுப்பப் பார்த்தார். அவள் எழவில்லை. தலையை ஆட்டிவிட்டு அவள் முகத்தைத் துணியால் மூடினார். அவ்வளவுதான், நிகழ்ச்சி நேரம் முடிந்தது என்று அறிவிப்பாளர் முன்னால் வந்துவிட்டார். பதறிப்போன நேயர்களின் அழைப்புகளால் தொலைபேசிகள் ஓயவில்லை. பெண்ணை அறுக்கும் வித்தை லண்டன் மேடைக்கு 1921-லேயே வந்தது, யாருக்கும் புதிதல்ல. கதையின் கடைசிக் காட்சி மட்டும் வராமல் போனது, அதனால்தான் ஒரு நாடே திகைத்தது. அதே சர்க்கார் தன் நிகழ்ச்சியில் ஒரு செம்பைத் திரும்பத் திரும்பக் கவிழ்ப்பார். ஒவ்வொரு முறை காலியான பின்னும் அதிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். பாட்டில் பல்லவி வருவதுபோல் அந்தச் செம்பு திரும்பி வந்து, தனித்தனி வித்தைகளை ஒரே இரவின் அனுபவமாகக் கட்டிப்போட்டது.

நம் தெருக்களில் செப்படி வித்தை காட்டியவர்களுக்கும் கதையின் இந்த வலிமை நன்றாகத் தெரியும். துணி மூடிய சிறுவனோடு அவர்கள் நடத்திய கேள்வி பதில்தான் கூட்டத்தைக் கலையாமல் நிறுத்தியது. இன்றைக்குக் கல்யாண மண்டபத்திலும் பள்ளி விழாவிலும் காது கிழியும் பாட்டுக்கு நடுவே வண்ணத்துணியும் புறாவும் வரிசையாக வந்து போகின்றன. யாருக்காக, எதற்காக என்று ஒரு வார்த்தை இல்லை. அரை மணி நேரத்தில் இருபது வித்தை பார்த்த குழந்தை வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வித்தைக்காரரை அழைக்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, அவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுங்கள். இருபது வித்தை வேண்டாம், மூன்று போதும், ஆனால் கதையோடு வேண்டும் என்று கேளுங்கள். வித்தை பழகும் இளைஞர்களே, புதிய பெட்டி வாங்கச் சேர்த்த பணம் அப்படியே இருக்கட்டும். கையில் இருக்கும் பழைய வித்தைக்கு முதலில் ஒரு கதை எழுதுங்கள்.