படிப்புக்குப் பஞ்சாங்கம் எதற்கு?

(ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியது)



இன்று இந்தப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசுவதற்கு நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "நாம் படித்த புத்தகங்கள்" என்பதாகும். பெரிய பட்டம் பெற்றவர்கள் பேச வேண்டியதை, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்த நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள். பட்டம் பெற்றவர்களிடத்தில் நமக்குப் பொறாமை ஒன்றும் கிடையாது. அவர்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். பரீட்சை முடிந்தவுடன் அநேகர் புத்தகத்தையும் முடித்துவிட்டார்கள். நமக்குப் பரீட்சை வைக்க ஆளில்லாமற் போனதினால் நம்முடைய படிப்பு இன்னும் முடியாமல் நடந்து வருகின்றது. நாம் சொல்லப் போவதை நீங்கள் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம்.

முதலில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். நம் நாட்டில் எந்த மாதத்தில் எதைப் படிப்பது என்று நாம் தீர்மானிப்பதே இல்லை. நமக்காகப் பஞ்சாங்கம் தீர்மானித்து வைத்திருக்கின்றது. மார்கழி பிறந்தால் திருப்பாவை, திருவெம்பாவை. பங்குனி, சித்திரையில் ஊரில் அம்மை கண்டால் மாரியம்மன் தாலாட்டு. ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால் கவசம். திரௌபதியம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதப் பிரசங்கம். மழை பெய்யவில்லையா, விராட பருவத்தைப் படி. இப்படிக் காலத்துக்கு ஒரு புத்தகமும் கஷ்டத்துக்கு ஒரு புத்தகமும் ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதைப் படித்தால் மழை வரும், இதைப் படித்தால் பிள்ளை பிறக்கும், இதைப் படித்தால் கடன் தீரும் என்றெல்லாம் பலன் சொல்லியிருக்கிறார்களே ஒழிய, இதைப் படித்தால் உனக்கு அறிவு வளரும், வளர்ந்து எங்களையே நீ கேள்வி கேட்கலாம் என்று பலன் சொன்ன புத்தகம் ஒன்றுகூட இந்த ஜாபிதாவில் இல்லை. "ஐயா, நாங்கள் தமிழ்ச் சுவைக்காக அல்லவா திருப்பாவையைப் படிக்கின்றோம்" என்று சில பண்டிதர்கள் சொல்லுகிறார்கள். சந்தோஷம். சுவைக்காகப் படிப்பதானால் ஆவணியிலும் படிக்கலாமே, யார் வேண்டாம் என்றது? விடியற்காலம் நாலரை மணிக்கு ஒலிபெருக்கி வைத்துத்தான் சுவைக்க வேண்டுமா?

எல்லாவற்றிலும் விசேஷம் சரஸ்வதி பூசை. படிப்புக்குத் தெய்வம் என்று ஒன்றை வைத்து, அதற்கு ஒரு நாளும் வைத்து, அந்த நாளில் மாத்திரம் ஒரு புத்தகத்தையும் தொட்டுப் படிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்களே, இந்தப் புத்திக்கு என்ன பெயர் சொல்லுவது? சமையலுக்கு ஒரு தெய்வத்தை வைத்து, அன்றைக்கு ஊரெல்லாம் பட்டினி கிடக்க வேண்டும் என்றால் நாம் ஒப்புக்கொள்ளுவோமா?

நமக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். கிளை நூலகத்திலிருந்து ஒரு துப்பறியும் கதையை எடுத்து வந்து பாதி படித்திருந்தோம். கொலை செய்தவன் யார் என்று தெரியப் போகின்ற இடத்தில் சரஸ்வதி பூசை வந்துவிட்டது. வீட்டில் இருந்த புத்தகம் எல்லாவற்றோடும் அதையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் பொரி கடலை பரப்பிவிட்டார்கள். தொட்டால் படிப்பே வராமல் போய்விடும் என்று பாட்டி எச்சரிக்கை செய்தார்கள். படிப்பு வராவிட்டாலும் பரவாயில்லை, கொலைகாரன் யாரென்று தெரிந்தால் போதும் என்று இராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு எடுத்து, தெரு விளக்கு வெளிச்சம் விழுகின்ற திண்ணையில் உட்கார்ந்து படித்து முடித்துவிட்டோம். விடிகிற வரையில் தூக்கம் இல்லை. கண் போய்விடுமோ, கை வீங்கிவிடுமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்டனை வராமல் இல்லை. அட்டையில் குங்குமக் கறை பட்டிருந்ததற்காக நூலகத்தில் ஒன்றரை ரூபாய் வாங்கிக் கொண்டார்கள்! பகுத்தறிவைப் பற்றி நாம் பிற்காலத்தில் எத்தனையோ படித்தோம். ஆனால் அந்தத் திண்ணைதான் நமக்கு முதல் பள்ளிக்கூடம் என்று சொல்ல வேண்டும்.

நிற்க. படிக்கின்றவனுக்கு மேலே இருந்துகொண்டு, இதைப் படி, இதைப் படிக்காதே, இன்ன நாளில் படி என்று உத்தரவு போடுவது நம் நாட்டு வழக்கம் மாத்திரமல்ல. ரோமாபுரியில் கத்தோலிக்க சபையார், படிக்கக் கூடாத புத்தகங்கள் என்று 1559-இல் ஒரு ஜாபிதா போட்டார்கள். அதைக் கைவிட்டது 1966-இல்! கலிலியோவின் புத்தகமும் அதில் இருந்தது. நம் நாட்டில் ஜாபிதா போடுகின்ற சிரமம்கூட வைத்துக்கொள்ளவில்லை. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரன் காதில் ஈயமும் அரக்கும் காய்ச்சி ஊற்றும்படி கௌதம தர்ம சூத்திரத்தில் எழுதி வைத்தார்கள். புத்தகத்தைத் தடுப்பதைவிடக் காதை அடைப்பது சுலபம் அல்லவா? இதன் பலன், 1951-இல் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது இந்த நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுத்து வாசனை இருந்தது.

ஆகவே நம் கைக்கு ஒரு புத்தகம் சுலபமாக வந்துவிடவில்லை. சென்னையில் 1882 முதல் சில ஆண்டுகள் "தத்துவ விவேசினி" என்ற பத்திரிகையை நாத்திகர்கள் நடத்தினார்கள். 1925-இல் ஈரோட்டில் "குடி அரசு" தோன்றிற்று. கம்யூனிஸ்டு அறிக்கை 1931-இல் அதில் தமிழில் வந்தது. பகத்சிங் சிறையில் இருந்து எழுதிய "நான் ஏன் நாத்திகன்?" என்பதை ஜீவானந்தம் தமிழாக்க, அந்தப் புத்தகத்துக்காக அவரையும், வெளியிட்ட ஈ.வெ.கிருஷ்ணசாமியையும் சர்க்கார் கைது செய்தது. மன்னார்குடிப் பக்கத்தில் 1931-இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். சாமியைத் தேரில் வைத்து இழுத்துத்தான் நமக்குப் பழக்கம். புத்தகத்தை வண்டியில் வைத்து இழுத்த காட்சியைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை! 1948-இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் எந்த மாகாணத்திலும் அதற்கு முன் அப்படி ஒரு சட்டம் இல்லை. இன்று வீட்டு வரியோடு நூலக வரியும் நீங்கள் கட்டித்தான் வருகிறீர்கள். கட்டின பணத்துக்கு எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்க்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நம் கதைக்கு வருவோம். இருபது வயதில் இயக்கப் புத்தகங்களில் விழுந்தோம். அப்போது நாம் படித்ததற்கு ஒரே நோக்கந்தான் இருந்தது. மேடையில் எதிரியை மடக்க வேண்டும். இங்கர்சாலைப் படிப்பது, நாலு வாக்கியத்தை மனப்பாடம் செய்வது, தெருமுனையில் கொட்டுவது. இதைத்தான் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் இராமாயணத்தைத் திட்டிப் பேசிவிட்டுக் கீழே இறங்கினோம். ஒரு கிழவர், நெற்றி நிறைய நாமம் போட்டவர், பக்கத்தில் வந்து, "தம்பி, நீ சொன்னது எந்தக் காண்டத்தில் இருக்கின்றது?" என்று மரியாதையாகக் கேட்டார். நமக்குத் தெரியவில்லை. பெரியாரானால் இராமாயணத்தை ஒரு வைதிகரைக் காட்டிலும் அதிகமாகப் படித்துவிட்டல்லவா கண்டித்தார்? நாமோ கண்டனத்தை மாத்திரம் படித்துவிட்டுக் கண்டிக்கக் கிளம்பினோம். பாராயணம் செய்கிறவனுக்கும் நமக்கும் அன்றைக்கு என்ன வித்தியாசம்? அவன் புத்தகம் வேறு, நம் புத்தகம் வேறு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு கம்பனையும் வால்மீகி மொழிபெயர்ப்பையும் வரிவரியாகப் படிக்க நமக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கிழவருக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பிறகு நமக்கு வேறொரு வியாதி பிடித்தது. ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று கணக்கு வைத்துப் படிக்கின்ற வியாதி. தை மாதம் புத்தகக் கண்காட்சிக்குப் போவது, இரண்டு பை நிறைய வாங்கி வருவது, இவ்வாண்டு 100 புத்தகம் என்று சங்கற்பம் செய்துகொள்ளுவது, முடிக்க முடிக்க நோட்டில் நம்பர் போடுவது. ஆடியில் எண்ணிக்கை குறைந்திருந்தால் மெல்லிசான புத்தகமாகப் பார்த்து எடுப்பது. நோட்டைப் பார்க்கின்றவர்கள் எல்லாம் ஆச்சரியப்பட்டார்கள். நமக்கும் பெருமைதான். பெரிய படிப்பாளி ஆகிவிட்டோம் என்று நினைத்தோம்.

அந்த ஆண்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். நம் உறவில் ஒரு தங்கை. புருஷன் குடிகாரன், அடிக்கிறவன். பெற்றவர்கள் ஒரு ஜோசியரிடம் போனார்கள். சுந்தர காண்டத்தில் 68 சர்க்கங்கள், நாளைக்கு ஒன்று வீதம் அந்தப் பெண் படித்து வந்தால் புருஷன் திருந்திவிடுவான் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு விளக்கேற்றி வைத்துப் படித்தது. நாற்பது நாள் தாண்டி ஒரு நாள் கை முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு மறுநாளும் படித்தது. ஏன் என்று கேட்டால், நடுவில் நிறுத்தினால் தோஷம் என்றது. 68 நாளும் முடிந்தது. அனுமார் கடலைத் தாண்டிவிட்டார். இந்தப் பெண்ணால் வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியவில்லை.

ஜோசியரைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். அது சுலபம். ஆனால் அந்த 68 நாளும் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? 83-ஆவது புத்தகத்தில் இருந்தோம்! அந்த 83-இல் ஒன்று, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-இல் வந்த சட்டத்தை விளக்குகின்ற சிறு புத்தகம். நம்பர் ஏற்றுவதற்காக அரைமணி நேரத்தில் புரட்டிவிட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தோம். தெருக்கோடியில் இருக்கின்ற தங்கையின் ஞாபகம் அதைப் படிக்கும்போது நமக்கு வரவே இல்லை. பலனைக் கருதி எண்ணிப் படித்த அந்தப் பெண்ணுக்கும், பெருமையைக் கருதி எண்ணிப் படித்த நமக்கும் மூடத்தனத்தில் அதிக வித்தியாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அடிபட்டது அந்தப் பெண் என்பதுதான் வித்தியாசம்.

நோட்டை அன்றைக்கே கிழித்துப் போட்டோம். அந்தச் சிறு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், தங்கையோடு உட்கார்ந்து பதினோரு சாயங்காலம் படித்தோம். அடி மாத்திரமல்ல, பேச்சால் கொடுமைப்படுத்துவதும் பணம் கொடுக்காமல் வாட்டுவதும் குற்றமான நடத்தைதான் என்று அதில் இருந்தது. வீடு புருஷன் பெயரில் இருந்தாலும் பெண்டாட்டியை அதிலிருந்து துரத்த முடியாது என்று இருந்தது. "இது நிஜமாகவே எழுதியிருக்கிறதா அண்ணா?" என்று தங்கை கேட்டு, தானே விரலை வைத்து எழுத்துக் கூட்டி மறுபடியும் படித்த அந்த இடத்தில், இத்தனை ஆண்டு படித்தும் நாம் அறியாத ஒன்றை அறிந்தோம். பிறகு பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுத்தது. 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும், நடந்தது என்னவோ மாதக்கணக்கில்தான். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் உத்தரவு வந்தது. இன்று அந்த வீட்டில் தங்கை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். சுந்தர காண்டமும் அலமாரியில் இருக்கிறது. அதை எறியும்படி நாம் சொல்லவில்லை, தங்கையும் எறியவில்லை.

அது முதல், புத்தகத்தைக் காலம் பார்த்துத்தான் நாமும் எடுக்கின்றோம். ஆனால் பஞ்சாங்கத்தைப் பார்த்து அல்ல, தெருவைப் பார்த்து. பங்குனி, சித்திரையில் தெருவில் அம்மை கண்டால், மாட்டம்மைப் பாலைக் கொண்டு 1796-இல் ஜென்னர் செய்து பார்த்த சோதனையைப் படித்துக் காட்டுகிறோம். தாலாட்டுப் பாடி ஒரு பெரியம்மைகூட ஒழியவில்லை, ஊசி குத்தி 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று ஆயிற்று என்பதைச் சொல்லுகிறோம். ஐப்பசி மழையில் கொசுவைப் பற்றிய புத்தகம். பள்ளிக்கூடம் திறக்கின்ற மாதத்தில், பிள்ளைகளின் பாடப் புத்தகத்தையே வாங்கிப் படிக்கிறோம். நாம் படிக்காமல் விட்ட ஒன்பதாம் வகுப்பு அதில் இருக்கின்றதல்லவா?

மார்கழியிலும் படிக்கின்றோம். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26, மார்கழி 10-ஆம் தேதி, ஈரோடு, திண்டுக்கல் பக்கமெல்லாம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே வான நூல் புத்தகம் ஒன்றைத் தெருப் பிள்ளைகளோடு படிக்கத் தொடங்கினோம். அன்று காலையில் கோயில் கதவைச் சாத்தினார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். நாங்கள் கிரகணக் கண்ணாடியோடு மொட்டை மாடியில் நின்றோம். இட்டிலியும் கொண்டுபோயிருந்தோம். கிரகண வேளையில் சாப்பிட்ட இட்டிலி யாருக்கும் வயிற்றைக் கெடுக்கவில்லை. சூரியன் நெருப்பு வளையல்போல் ஆன அந்த இரண்டொரு நிமிஷத்தில், கதவைச் சாத்திக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் சந்து வழியாகக் கையை நீட்டி, "அந்தக் கண்ணாடியை இப்படிக் கொடு" என்றார்கள்.

நேரம் ஆகிவிட்டது. பின்னால் பேச வேண்டிய தோழர்கள் காத்திருக்கிறார்கள். நாம் கொண்டுவந்த புத்தகங்கள் அந்த மேசையின்மேல் இருக்கின்றன. அந்தச் சட்டப் புத்தகத்தில் பத்துப் பிரதிகள் உண்டு. அவற்றை விலைக்குக் கொடுப்பதாக இல்லை. வேண்டும் என்கிறவர்கள் பெயர் எழுதாமலே எடுத்துக்கொண்டு போகலாம். தாய்மார்கள் முதலில் வந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, உங்கள் கேள்விகளுக்காக இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம்.